தட்டிலிட்ட தீனியும் திசைமாறிய குருவியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தை மாதத்தில், வட லண்டனில் வசிக்கும் எனது மருமகளின் வீட்டில் மூன்று கிழமைகள் தங்கியிருந்தேன். வெளியில் காலடி வைக்க முடியாத குளிர். நாற்பது ஆண்டுகளைப் பத்திரிகை அலுவலகங்களிலே கழித்தவனுக்கு வேலையற்ற பகலைப் போன்ற தண்டனை வேறொன்றில்லை. குசினி யன்னலருகே கதிரையைப் போட்டுக்கொண்டு பின்வளவைப் பார்த்திருப்பதே எனது அன்றாட அலுவலாயிற்று.

அந்த வளவின் நடுவே நட்டிருந்த இரும்புக் கம்பத்தில், கொழுப்பு உருண்டைகள் அடைத்த கம்பிக்கூடு ஒன்றும் சூரியகாந்திப் பருப்பு நிரப்பிய குழாய் ஒன்றும் தொங்கின. பல குருவிகள் வந்து போயின. அவற்றுள் ஒன்று மட்டும் போகாமல் நின்றது. சாம்பல் நிற உடல்; தலையில் கறுப்புத் தொப்பி கவிழ்த்தது போன்ற அடையாளம். எமது ஊர்ச் சிட்டுக்குருவியின் அளவுதான் இருக்கும். ஆயினும், அந்தக் கம்பிக்கூட்டைத் தனது முதுசொம் என்று எண்ணியது போல, நெருங்கி வந்த ஏனைய குருவிகளை எல்லாம் துரத்திக்கொண்டிருந்தது.

"உவர் ஒவ்வொரு வருசமும் நத்தாருக்குக் கிட்ட வருவார் மாமா. பங்குனி முடியேக்கை போயிடுவார்" என்றாள் மருமகள். "இஞ்சத்தை ஆள் இல்லையாம். ஜேர்மனிப் பக்கத்திலையிருந்து வாறவராம். பக்கத்து வீட்டு அம்மா சொன்னவ. எங்களை மாதிரித்தான், வந்த இடத்திலை சாப்பாடு கிடைச்சிட்டுது."

குளிர்காலத்தைக் கழிப்பதற்கு ஜேர்மனியில் இருந்து இங்கிலாந்துக்கா? குளிருக்கு அஞ்சும் பறவை தெற்கே அல்லவா செல்ல வேண்டும்? உறுதிப்படுத்தாத செய்தியை அச்சேற்றக் கூடாது என்று பழகிய மனம் அதனை எளிதில் ஏற்கவில்லை. அன்று தொடங்கிய தேடலின் விளைவே இக்கட்டுரை. மருமகள் சொன்னது உண்மை என்பதை மட்டுமன்றி, அந்தக் குருவி திசைமாறிய வரலாற்றில் எனது தொழிலுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதையும் அத்தேடலில் அறிந்துகொண்டேன்.

பத்திரிகைகள் விடுத்த வேண்டுகோள்

1890 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1891 வரை நீடித்த குளிர்காலம் பிரித்தானியாவில் மிகக் கொடியதாக இருந்தது. உறைந்த நிலத்தில் இரை தேட இயலாது பறவைகள் மடிந்தன. அவ்வேளையில் அந்நாட்டின் தேசியப் பத்திரிகைகள் தமது வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளை விடுத்தன: வீட்டில் மிஞ்சும் உணவைப் பறவைகளுக்கு வையுங்கள் என்பதே அது. மக்கள் அதனைச் செவிமடுத்தனர். இருபது ஆண்டுகள் கழித்து, 1910 இல், 'பஞ்ச்' என்னும் புகழ்பெற்ற நகைச்சுவைச் சஞ்சிகை, பறவைகளுக்கு உணவிடுவது நாட்டின் தேசியப் பொழுதுபோக்காகிவிட்டது என்று எழுதும் அளவுக்கு அவ்வழக்கம் பரவிவிட்டது.

உலகப் போர் அதற்கு ஒரு தடையைப் போட்டது. இரண்டாம் உலகப் போரின்போது உணவை வீணாக்குவது பிரித்தானியாவில் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. லண்டனின் வடக்கே பார்னெற் என்னும் ஊரில், பறவைகளுக்குப் பாண் போட அனுமதித்தமைக்காக ஒரு பெண்மணிக்கு 1943 ஆம் ஆண்டில் 10 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. அந்நாளில் அது சிறு தொகையன்று. மனிதனுக்கே பாண் போதாத நாட்களிலும் பறவையை மறக்க முடியாதபடி அவ்வழக்கம் வேரூன்றியிருந்தது என்பதற்கு அவ்வழக்கே சான்று.

போர் முடிந்தது, தட்டுப்பாடும் நீங்கியது. எஞ்சிய பாண் துண்டின் இடத்தைக் காலப்போக்கில் நிலக்கடலையும், கொழுப்பு உருண்டைகளும், கோது நீக்கிய சூரியகாந்திப் பருப்பும் பிடித்துக்கொண்டன. வீட்டார் கைவைத்தியம் போலச் செய்துவந்த காரியம் ஒரு வணிகமாயிற்று. பிரித்தானியப் பறவையியல் நிதியத்தின் ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டு மக்கள் ஆண்டுதோறும் 20 கோடி முதல் 30 கோடி பவுண் வரை பறவைத் தீனிக்காகச் செலவிடுகின்றனர். 1970 களில் தீனித் தட்டுகளுக்கு வந்த பறவைகளுள் பாதியளவு இரண்டே இனங்களைச் சேர்ந்தவை. பின்னர் அந்நிலை மாறியது. 1972 இல் நூற்றுக்கு எட்டு வளவுகளுக்கு மாத்திரம் வந்த கோல்ட்பின்ச் குருவி, நாற்பது ஆண்டுகளில் நூற்றுக்கு எண்பத்தேழு வளவுகளுக்கு வரலாயிற்று.

இவை பெரும்பாலும் தானியம் தின்னும் பறவைகளின் கதை. எனது மருமகளின் வளவில் நின்ற கருந்தொப்பிக்காரரோ பழம் தின்னும் பரம்பரையைச் சேர்ந்தவர். அதனாற்றான் அவரது கதை வேறுபடுகின்றது.

மரம் கொடுக்கும் கூலி

ஆங்கிலேயர் 'பிளக்கெப்' என்று அழைக்கும் இக்குருவியை நாம் கருந்தொப்பிக் குருவி என்று வைத்துக்கொள்வோம். ஆண் பறவைக்கே கறுப்புத் தொப்பி. பெண்ணுக்குச் செம்மண் நிறத் தொப்பி. எடை ஏறத்தாழ 20 கிராம். கோடையில் ஐரோப்பியக் காடுகளில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும்போது பூச்சிகளையே பெரிதும் உண்ணும். கோடை கழிந்ததும் பழத்துக்கு மாறிவிடும். பண்டைய கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், அத்திப்பழம் உண்ணும் ஒரு சிறு குருவியே இலையுதிர் காலம் கழிந்ததும் கருந்தலைக் குருவியாக உருமாறுகின்றது என்று எழுதிவைத்தார். அவர் சொன்ன உருமாற்றம் பிழை. ஆயினும் இத்தகைய குருவிகளுக்கும் கனிகளுக்கும் உள்ள உறவை மனிதன் எவ்வளவு காலத்துக்கு முன்னரே கவனித்திருக்கின்றான் என்பதை அக்குறிப்பு காட்டுகின்றது.

அந்த உறவு என்ன? எம்மவருக்கு இதனை விளக்கப் பாடநூல் தேவையில்லை. யாழ்ப்பாணத்தின் பனந்தோப்புகளிலே பனையைத் தழுவி வளர்ந்து நிற்கும் ஆலமரங்களைக் கண்டிருக்கின்றோம். அந்த ஆலை அங்கே நட்டவர் எவருமில்லை. ஆலம்பழம் தின்ற பறவையொன்று பனையின் மட்டையிடுக்கில் எச்சமிட்டது, அவ்வளவுதான். மாமரத்தின் கொப்புகளில் ஒட்டுண்ணியாக வளரும் செடிக்கு எமது முன்னோர் குருவிச்சை என்று பெயரிட்டனர். குருவி கொண்டுவந்து சேர்த்தது என்பது அப்பெயரிலேயே அடங்கியிருக்கின்றது. தமிழகத்தார் அதனைப் புல்லுருவி என்பர்.

மரத்துக்குக் கால் இல்லை. தன் பிள்ளைகள் தன் நிழலிலேயே முளைத்துத் தன்னோடு போட்டியிட்டு அழிவதை அது விரும்புவதுமில்லை. ஆகவே வித்தைச் சுற்றிச் சதையை வைத்து, அதற்கு நிறமும் ஊட்டிப் பறவையை அழைக்கின்றது. பறவை சதையைத் தின்று வித்தைத் தொலைவில் இடுகின்றது. பழம் என்பது மரம் கொடுக்கும் கூலி. வித்துப் பரம்பல் பறவை செய்யும் வேலை. வேலை இல்லாமல் கூலி இல்லை. கூலி இல்லாமல் வேலையும் இல்லை. மனிதர் எவரும் எழுதிவைக்காத, பல இலட்சம் ஆண்டுகள் பழைமையான ஒப்பந்தம் இது.

கருந்தொப்பிக் குருவி இந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றும் இடம் முக்கியமாக ஸ்பெயினின் தென்பகுதியாகும். மேற்கு ஐரோப்பாவிலும் மத்திய ஐரோப்பாவின் மேற்குப் பகுதிகளிலும் வாழும் கருந்தொப்பிகள் இலையுதிர் காலத்தில் தென்மேற்குத் திசையில் பறந்து ஸ்பெயினையும் வட ஆபிரிக்காவையும் சென்றடைவதே மரபு. அங்கே காட்டு ஒலிவ் மரங்களும் மஸ்திக் செடிகளும் சரியாக அந்தக் காலத்திலேயே கனிகின்றன. அவற்றின் பழங்கள் கொழுப்பு நிறைந்தவை. குளிர்காலத்தைத் தாங்குவதற்கு ஏற்றவை. ஸ்பானிய ஆய்வாளர்களான பெத்ரோ ஹோர்டானோவும் கார்லோஸ் எரேராவும் தென் ஸ்பெயினில் குளிர்காலத்தைக் கழிக்கும் கருந்தொப்பிகளின் பழ உணவைப் பற்றி 1981 இல் எழுதினர். எரேரா 1984 இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, அந்தப் புதர்க்காடுகளின் செடிகளும் அவற்றின் பழங்களை உண்ணும் பறவைகளும் எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன என்பதைப் பதிவு செய்தது.

இங்கே அலகின் அளவு முக்கியமானது. பழத்தை முழுதாக விழுங்கும் பறவையே வித்தைச் சுமந்து செல்லும். கொத்தித் தின்னும் பறவை சதையை எடுத்துக்கொண்டு வித்தை மரத்தடியிலேயே விட்டுவிடும். காட்டு ஒலிவின் சிறு பழத்தைக் கருந்தொப்பியால் விழுங்க முடியும். மனிதன் பெருக்க வைத்த தோட்டத்து ஒலிவ் பழமோ அதன் வாய்க்குப் பெரிது. அகன்ற அலகு உள்ள குருவிக்கு அந்தப் புதர்க்காட்டில் பிழைப்பு இலகு. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கின்றது.

திசை மாறிய கதை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரித்தானியாவில் குளிர்காலத்தில் கருந்தொப்பியைக் காண்பது அரிது. 1960 களில் இருந்து அது பெருகத் தொடங்கியது. இவை தெற்கே செல்லாமல் தங்கிவிட்ட உள்ளூர்ப் பறவைகள் என்றே பலரும் முதலில் எண்ணினர். ஆனால், காலில் இலக்கமிட்ட வளையங்களை அணிவித்துப் பறவைகளின் போக்கை அறியும் திட்டம் பிரித்தானியாவில் 1909 முதலே நடைபெற்று வந்தது. அந்த வளையங்கள் வேறொரு கதையைச் சொல்லின. பிரித்தானியாவில் கோடையைக் கழித்த கருந்தொப்பிகள் வழக்கம் போலத் தெற்கே போய்விட்டன. குளிர்காலத்தில் வளவுகளில் நின்றவை ஜேர்மனி, ஒஸ்திரியா முதலான நாடுகளில் இருந்து வந்த வேறு பறவைகள். தென்மேற்கே போக வேண்டியவை வடமேற்கே வந்திருந்தன.

வழிதவறி வந்தனவா, வழியே மாறிவிட்டதா? இக்கேள்விக்கு விடை கண்டவர் ஜேர்மனியின் பீற்றர் பேர்த்தோல்ட். இங்கிலாந்தின் சொமசெற் மாவட்டத்தில் உள்ள வெஸ்டன்-சுப்பர்-மெயர் என்னும் கடற்கரை ஊரில் குளிர்காலத்தில் பிடிக்கப்பட்ட கருந்தொப்பிகளை அவரது குழுவினர் ஜேர்மனிக்குக் கொண்டுசென்று இனப்பெருக்கம் செய்வித்தனர். கூண்டில் பிறந்த குஞ்சுகள் இங்கிலாந்தைக் கண்டதில்லை. எந்தத் தாய்ப் பறவையும் அவற்றுக்கு வழிகாட்டவுமில்லை. வலசைக் காலம் வந்தபோது அவற்றைக் கூம்பு வடிவப் பாத்திரங்களில் இட்டுச் சோதித்தனர். எத்திசையில் தாவுகின்றனவோ அத்திசையில் கூம்பின் உட்புறத் தாளில் கால் கீறல்கள் பதியும். தட்டச்சுப் பிழையைத் திருத்துவதற்குப் பயன்படும் வெண்பூச்சுத் தாளையே இதற்கெனச் சில ஆய்வாளர்கள் பயன்படுத்தினர் என்று வாசித்தபோது, எமது ஆசிரியபீடத்து மேசைகள் நினைவுக்கு வந்தன.

பெறுபேறு 1992 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியானது. குஞ்சுகள் தமது பெற்றோரைப் போலவே மேற்கு-வடமேற்குத் திசையை நாடின. அதாவது, புதிய வழி தற்செயலானதன்று. இரத்தத்தில் ஊறிவிட்ட ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டில் அந்திரேயாஸ் ஹெல்பிக் என்பவர், தென்மேற்கே செல்லும் கருந்தொப்பியையும் தென்கிழக்கே செல்லும் கருந்தொப்பியையும் கலந்து பெற்ற குஞ்சுகள் இரண்டுக்கும் நடுவான திசையை நாடுவதைக் காட்டியிருந்தார். திசையறிவு பரம்பரைச் சொத்து என்பது இவ்விரு சோதனைகளாலும் உறுதியாயிற்று.

இதன் பொருளை எளிமையாகச் சொல்லலாம். முன்னரும் ஒரு சில குருவிகள் பிழையான திசையறிவோடு பிறந்து வடமேற்கே பறந்திருக்கக் கூடும். அக்காலத்தில் அவை பிரித்தானியக் குளிரில் மடிந்திருக்கும். அவற்றோடு அந்தப் பிழையும் மடிந்திருக்கும். இப்போது அவற்றின் முன்னே கொழுப்பு உருண்டை தொங்கியது. அத்தோடு குளிரும் முன்பை விடத் தணிந்தது. பிழைத்தவை இளவேனிலில் திரும்பிச் சென்று குஞ்சு பொரித்தன. மரணத்துக்கு இட்டுச்சென்ற பிழை, பிழைக்கும் வழியாகிவிட்டது.

அதன் பின்னர் வெளியான செய்திகள் இன்னும் வியப்பானவை. 2005 இல் ஸ்டூவர்ட் பெயாஹொப்பும் அவரது குழுவினரும், நகத் துணுக்குகளின் இரசாயனக் குறிகளைக் கொண்டு எந்தப் பறவை எங்கே குளிர்காலத்தைக் கழித்தது என்று கண்டறிந்தனர். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் தங்கியவை முன்னதாகவே காட்டுக்குத் திரும்பித் தம்முள் சோடி சேர்ந்துகொள்வது தெரியவந்தது. 2009 இல் ஜேர்மனியின் பிரைபேர்க் நகருக்கு அண்மையில் கிறகோர் ரோல்ஸ்ஹவுசன் குழுவினர் செய்த ஆய்வு, ஒரே காட்டில் வாழும் இவ்விரு கூட்டத்தாரின் உடல்களிலேயே வேறுபாடு தோன்றிவிட்டதைக் காட்டியது. வடமேற்கே செல்பவற்றின் சிறகுகள் சற்று வட்டமானவை. குறுகிய பயணத்துக்கு அவை போதும். அவற்றின் அலகுகள் ஒடுங்கியவை. தென்மேற்கே செல்பவற்றின் அலகுகள், ஒலிவ் போன்ற பழங்களை உண்பதற்கு ஏற்றவாறு, அகன்றே இருந்தன.

அகன்ற அலகைப் பற்றி முன்னர் நான் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். பழத்தை விழுங்குவதற்கென அமைந்த வாய், பழம் தேவைப்படாத இடத்தில் ஒடுங்குகின்றது. இவை அனைத்தும் ஐம்பது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தவை. நான் பத்திரிகைத் துறையில் நுழைந்து ஓய்வு பெற்ற காலத்துக்குச் சற்றே கூடிய காலம்.

தட்டுதான் காரணமா?

ஒரு தரப்பின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதுவது முறையன்று. குளிர் தணிந்ததும் ஒரு காரணம் அல்லவா? பிரித்தானியப் பறவையியல் நிதியத்தைச் சேர்ந்த கேற் பிளமரும் குழுவினரும், பொதுமக்கள் தமது வளவுகளில் பல ஆண்டுகளாகக் குறித்துவைத்த தகவல்களை ஆராய்ந்து 2015 இல் விடையளித்தனர். தொடர்ந்து தீனி வைக்கும் வளவுகளையே கருந்தொப்பிகள் மேன்மேலும் நாடுகின்றன. தணிந்த காலநிலையும் துணைநிற்கின்றது. ஆக, இரண்டும் சேர்ந்தே இதைச் செய்தன.

2021 இல் பெஞ்சமின் வான் டோரன் தலைமையிலான குழுவினரின் ஆய்வு இன்னும் நெருக்கமாகப் பார்த்தது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 59 இடங்களில் 623 கருந்தொப்பிகளுக்கு அடையாளமிட்டு, 9929 தடவைகள் அவற்றைக் கண்ட விபரங்களைத் திரட்டினர். 25 பறவைகளில் பொருத்திய சிறு கருவிகள் அவற்றின் பயணங்களையும் பதிவு செய்தன. ஸ்பெயினில் கனிந்த மரம் தேடி இடம் மாறி அலையும் இப்பறவை, பிரித்தானியாவில் ஆண்டுதோறும் அதே வளவுக்குத் திரும்பி வருகின்றது. திரும்பிச் செல்லும் நாள் வரை அங்கேயே நிற்கின்றது. வளவுகளுக்கு அதிகம் வரும் வளர்ந்த பறவைகளின் உடல்நிலை நன்றாக இருந்தது. உடலில் சேமித்த கொழுப்பு குறைவாக இருந்தது. அலகு நீண்டும் சிறகு நுனி வட்டமாகவும் இருந்தன. நாளைய உணவு நிச்சயம் என்றால் எவர்தான் மடியில் முடிந்துவைப்பர்?

ஆயினும் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கின்றது. கருந்தொப்பிகள் தட்டை மட்டும் நம்பி வாழ்வதில்லை. வானிலை கடுமையாகும்போதே வளவுகளுக்கு வருகின்றன. மற்றைய வேளைகளில் வெளியே தாமாகவும் இரை தேடுகின்றன. தட்டு அவற்றைப் பிச்சைக்காரர் ஆக்கிவிட்டது என்று எழுதினால் அது பொய்ச்செய்தி.

வித்துகளின் கணக்கு

இப்போது மரங்களின் பக்கத்தில் நின்று பார்ப்போம். பறவைக்கு நன்மை என்றால் மரத்துக்கும் நன்மையா?

ஸ்பெயினின் புதர்க்காடுகள் வேலையாட்களை முற்றாக இழந்துவிடவில்லை. கருந்தொப்பிகளின் மிகப் பெரும்பான்மை இன்றும் தென்திசையே செல்கின்றது. அவற்றுக்குத் துணையாக ரொபின் முதலான வேறு பறவைகளும் உள்ளன. ஆனால், வடமேற்கே வந்த ஒவ்வொரு குருவியும் அந்த ஒலிவுக்கும் மஸ்திக்குக்கும் ஒரு வேலையாள் குறைவு. சூரியகாந்திப் பருப்பும் கொழுப்பு உருண்டையும் எந்த மரத்தின் பிள்ளையையும் சுமக்கச் சொல்வதில்லை. மரம் வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்கின்றது. மனிதன் வேலை வாங்காமலே கூலி கொடுக்கின்றான்.

மறுபுறத்தில், பிரித்தானியாவில் ஒரு செடிக்கு எதிர்பாராத வேலையாள் கிடைத்துவிட்டார். அச்செடி எமது குருவிச்சையின் தூரத்து உறவான மிஸில்டோ. நத்தார் காலத்தில் ஆங்கிலேயர் வீட்டு வாசலில் தொங்கவிடும் அதே செடிதான். ரோமானியரான பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே, பறவையின் வயிற்றினூடாகச் சென்றாலன்றி இது முளைக்காது என்று எழுதினார். அவர் சொன்னது முழுதும் சரியன்று; வயிற்றுக்குள் போகாமலும் அது முளைக்கும். அதனை நிரூபிப்பதே கருந்தொப்பிதான். இச்செடியின் பெயரைத் தன் பெயரிலே தாங்கிய மிஸில் திரஷ் என்னும் பெரிய பறவை, பழங்களை முழுதாக விழுங்கிப் பல வித்துகளைப் பசைநூலில் கோத்தாற் போல எச்சமிடும். அவற்றுட் பல கிளையில் பற்றாமல் வீணாகும். கருந்தொப்பியோ தோலையும் சதையையும் தின்றுவிட்டு, அலகில் ஒட்டிய வித்தைக் கிளையிலே துடைத்துவிடும். ஒவ்வொன்றாக, கொப்பின் மீதே நடுகை செய்தது போல வித்து அமர்ந்துவிடுகின்றது. எமது நாட்டில் பூக்கொத்திக் குருவி குருவிச்சைக்குச் செய்வதும் இதைப் போன்ற வேலைதான்.

மிஸில்டோவின் தாயகம் சொமசெற், குளொஸ்டர், ஹெயார்போர்ட், வூஸ்டர் ஆகிய மேற்கு மாவட்டங்களின் அப்பிள் தோட்டங்களாகும். அண்மைய பத்தாண்டுகளில் அது அந்த எல்லைகளைத் தாண்டி வளவுகளிலும் பூங்காக்களிலும் பரவுவதை இயற்கை ஆர்வலர்கள் கவனித்து, குளிர்காலக் கருந்தொப்பிகளின் பெருக்கமும் அதற்கு ஒரு காரணம் என்று கருதுகின்றனர். கொழுப்பு உருண்டையைத் தொங்கவிட்டவர் தமது வளவில் மிஸில்டோவை வளர்க்க எண்ணவில்லை. எனினும், அவர் அழைத்த விருந்தாளி பக்கத்து வீட்டு அப்பிள் மரத்தில் அதை நட்டுவிட்டுப் போகலாம். அறம் செய்த கையே அறியாமல் விதைத்த வித்து அது.

மூன்றாவது கணக்கு இனிவரும் காலத்தைப் பற்றியது. புவி வெப்பமாகும்போது செடிகள் குளிர்ந்த இடங்களை நோக்கி நகர வேண்டியிருக்கின்றது. கால் இல்லாதவை எப்படி நகரும்? பறவையின் வயிற்றில்தான். ஸ்பானிய ஆய்வாளர் ஹுவான் கொன்சாலெஸ்-வரோவும் குழுவினரும் 2021 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் இதற்கான கணக்கைப் போட்டனர். ஐரோப்பாவில் அவர்கள் ஆராய்ந்த செடியினங்களில் 86 சதவீதத்தின் வித்துகளை, இலையுதிர் காலத்தில் வெப்பமான தெற்கே செல்லும் பறவைகள் பரப்பக் கூடும். இளவேனிலில் குளிர்ந்த வடக்கே செல்லும் பறவைகளிடம் வாய்ப்புப் பெற்றவை 35 சதவீதமே. அந்த வடக்குப் பயணத்தைச் சுமப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க சில பறவையினங்களே. கருந்தொப்பி அவற்றுள் ஒன்று.

இங்கேதான் திசைமாற்றம் பொருள் பெறுகின்றது. ஸ்பெயினில் இருந்து இளவேனிலில் புறப்படும் கருந்தொப்பி, தெற்கே கனியும் பழத்தை உண்டு வடக்கு நோக்கிப் பறக்கின்றது. சிறு பறவையின் வயிற்றில் வித்து தங்குவது பெரும்பாலும் ஒரு மணித்தியால அளவுதான் என்பதால், அது கொண்டுசெல்லும் தூரம் ஒரு பயணத்தில் பெரிதாக இராது. ஆயினும் திசை சரியானது. லண்டன் வளவில் இருந்து புறப்படும் கருந்தொப்பியோ, புறப்படும் நாள் வரை தட்டில் தின்றுவிட்டுத் தென்கிழக்கே ஜேர்மனியை நோக்கிப் பறக்கின்றது. அதன் வயிற்றில் வித்து இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் அது செல்வது செடிக்கு வேண்டிய திசையில் அன்று. எந்த ஆய்வும் இதனால் ஒரு காடு அழிந்தது என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால், ஓர் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாரை மூன்றாம் ஆள் ஒருவர் வேறு வேலைக்கு அழைத்துக்கொண்டார் என்பதும், மற்றைய தரப்பாரிடம் அதுபற்றி எவரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

எமது வளவுக்குத் திரும்பினால்

இவற்றை எல்லாம் மருமகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப, சாப்பாடு வைக்கிறது பிழையோ மாமா?" என்று கேட்டாள். குரலில் வருத்தம் இருந்தது. பிழை என்று நான் சொல்லவில்லை. 1891 இல் வேண்டுகோள் விடுத்த பத்திரிகையாளர்களில் ஒருவனாக நான் இருந்திருந்தால், நானும் அதையேதான் எழுதியிருப்பேன். உறைபனியில் ஓர் உயிர் துடிக்கும்போது அதன் அலகின் அகலத்தையும் ஸ்பெயினின் ஒலிவ் மரத்தையும் எவர் நினைப்பர்? தட்டை அடிக்கடி கழுவு என்று மட்டும் சொன்னேன். 2005 முதல் தீனித் தட்டுகளின் ஊடாகவும் பரவிய தொண்டை நோய் கிறீன்பின்ச் குருவிகளைப் பெருமளவில் கொன்று, 2021 இல் அவற்றை ஆபத்துக்குள்ளான பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டது. அத்தோடு, வேலியோரத்தில் பழம் தரும் செடி ஒன்றையும் நட்டுவை என்றேன். தட்டும் இருக்கட்டும், மரமும் இருக்கட்டும். கூலி கொடுக்கும் உரிமை மரத்திடமும் கொஞ்சம் மிஞ்சட்டும்.

இதை எழுதும்போது எனது வளவின் யன்னல் வழியே பார்க்கின்றேன். சாப்பாட்டுக்கு முன்னர் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பது எனது தாயார் விட்டுச்சென்ற வழக்கம். அதனை நான் கைவிடப் போவதில்லை. இப்போது அயலவர் சிலர் வித்தை அகற்றிய பப்பாசித் துண்டுகளையும் வாழைப்பழத்தையும் தட்டில் வைத்துப் புல்புல்களையும் குக்குறுவான்களையும் அழைக்கின்றனர். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால், அந்தக் குக்குறுவான் விதைக்க வேண்டிய ஆலும் அரசும் நாவலும் எங்கே என்று கேட்கத் தோன்றுகின்றது. வளவு துப்புரவாக இருக்க வேண்டும் என்று ஜாம் மரத்தைத் தறித்துவிட்டு, அதே இடத்தில் பறவைத் தட்டை நட்டவர் ஒருவரையும் நான் அறிவேன். அவரும் பறவைகளை நேசிப்பவர்தான்.

ஒரு பிடி தீனி, ஒரு குருவியின் வழியையும் சிறகையும் அலகையும் எனது ஆயுட்காலத்துக்குள் மாற்றிவிட்டது. அதை வைத்த எவருக்கும் அது தெரியாது. நல்லெண்ணத்துக்கும் விளைவு உண்டு என்பதை ஐம்பதாண்டுச் செய்தித் தாள்களைப் புரட்டியும் நான் இவ்வளவு தெளிவாக அறிந்ததில்லை. இருபது கிராம் எடையுள்ள குருவியொன்று அதனைக் கற்றுத்தந்தது.

சென்ற மார்கழியிலும் அது வந்துவிட்டதாக மருமகள் சொன்னாள். அதே குருவிதானா என்று தெரியவில்லையாம். அதே கம்பத்தில், அதே அதிகாரத்துடன் நிற்கின்றதாம். பக்கத்து வீட்டு அப்பிள் மரத்தில் பச்சையாக ஏதோ உருண்டை முளைத்திருக்கின்றது, என்னவென்று தெரியவில்லை என்றும் சொன்னாள். எனக்குத் தெரியும் என்றேன்.